ஆப்பிரிக்க சஃபாரி: விடுதியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

சஃபாரிக்குத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விடுதியின் படத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். மர மேடை, அதன்மேல் கூடாரம், கொஞ்சம் தள்ளித் தண்ணீர் குடிக்கும் யானைக் கூட்டம். முன்பணம் கட்டி முடித்த பிறகு தெரியவருகிறது: அந்த யானைகள் அங்கே வருவது செப்டம்பரில், பயணம் இருப்பதோ ஏப்ரலில். ஏப்ரலில் காடெங்கும் குட்டைகள் நிறைந்து கிடக்கும். அந்த ஒரு தண்ணீரைத் தேடி எந்த யானையும் வர வேண்டியதில்லை. விடுதிக்காரர் பொய் சொல்லவில்லை. மாதத்தைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே வரிசையை மாற்றிப் போட வேண்டும். எந்த விலங்கு முக்கியம்? அது எந்த மாதம் எங்கே இருக்கும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு எத்தனை இரவு, எந்த வண்டி, எந்த வழிகாட்டி. மெத்தையும் குளியல் தொட்டியும் கடைசி.

எதைப் பார்க்கப் போகிறீர்கள்

‘பிக் ஃபைவ்’ என்று எல்லா விளம்பரத்திலும் வரும் ஐந்து: சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம். இது வேட்டைக்காரர்கள் போட்ட பட்டியல். நடந்து போய்ச் சுடுவதற்கு மிக ஆபத்தானவை எவையோ அவை இதில் இருக்கின்றன. அதனால்தான் எருமை உள்ளே, ஒட்டகச்சிவிங்கி வெளியே. இந்த ஐந்தையும் பார்த்தே தீருவேன் என்று பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால், நல்ல காட்சி ஒன்றின் நடுவில் கிளம்பிப் போய் இன்னொன்றைத் தேடும் பயணமாகத்தான் முடியும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் பலர் இரண்டு விலங்குகளையும் ‘சிறுத்தை’ என்றே எழுதிவிடுகிறார்கள். மரக்கிளையில் இரையைத் தூக்கி வைப்பது சிறுத்தை. அதன் உடலில் இருப்பவை பூவிதழ் போன்ற வளையப் புள்ளிகள். வேகமாக ஓடுவது சிவிங்கிப்புலி. அதற்கு முழுக் கரும்புள்ளிகள், கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தது போல ஒரு கறுப்புக் கோடு. இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல, திட்டத்தையே மாற்றும். சிறுத்தைக்கு ஆற்றோர மரங்களும் அந்தி நேரமும் வேண்டும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும். அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். முன்னதற்குத் தென்னாப்பிரிக்காவின் சாபி சாண்ட்ஸ், சாம்பியாவின் தெற்கு லுவாங்வா, தான்சானியாவின் செரெங்கெட்டியில் செரோனெரா ஆற்றங்கரை. பின்னதற்குக் கென்யாவின் மசாய் மாரா, செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளி.

மற்றவற்றுக்கும் இப்படியே இடம் உண்டு. யானைக்கு போட்ஸ்வானாவின் சோபே, கென்யாவின் அம்போசெலி, தான்சானியாவின் தரங்கிரே. காண்டாமிருகம்தான் கடினம். காவல் உள்ள சில இடங்களில் மட்டுமே நம்பிப் போகலாம்: கென்யாவில் நகுரு ஏரி, ஓல் பெஜெட்டா, நமீபியாவில் எட்டோஷா, தான்சானியாவில் ங்கொரொங்கொரோ பள்ளம். வடக்கு வெள்ளைக் காண்டாமிருக இனத்தில் உலகில் மிஞ்சியிருக்கும் நஜின், ஃபாட்டு என்ற இரண்டு பெண் விலங்குகளும் ஓல் பெஜெட்டாவில்தான் இருக்கின்றன. காட்டுநாய்க்கு போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா அல்லது சிம்பாப்வேயின் மானா பூல்ஸ். அவை குட்டி போட்டு வளையருகே தங்கும் ஜூன் முதல் ஆகஸ்டு வரை தேடுவது எளிது. மற்ற மாதங்களில் ஒரே நாளில் பல கிலோமீட்டர் போய்விடும்.

ங்கொரொங்கொரோ பள்ளத்தில் ஒட்டகச்சிவிங்கியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். செங்குத்துச் சுவர் காரணமாக அவை உள்ளே இறங்குவதில்லை. ஒட்டகச்சிவிங்கி வேண்டுமென்றால் தரங்கிரேயும் செரெங்கெட்டியும் போதும் போதும் என்னும் அளவுக்குக் காட்டும்.

மாதம்

கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழை, நவம்பரை ஒட்டிச் சிறுமழை. ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில் மழை நவம்பரில் தொடங்கி மார்ச் வரை. மே முதல் அக்டோபர் வரை வறட்சி. விலங்கு பார்க்க வறட்சி நல்லது என்பதற்குக் காரணம் எளிது. புல் தாழ்ந்துவிடும், இலை உதிர்ந்து புதர்கள் ஊடே கண் போகும், தண்ணீர் சில இடங்களில் மட்டும் மிஞ்சும். தேடி அலைய வேண்டியது நீங்கள் அல்ல, அவைதான். தரங்கிரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: ஜூலை முதல் அக்டோபர் வரை ஆற்றை நம்பி யானைகள் குவியும், மழை வந்ததும் பூங்காவுக்கு வெளியே கலைந்துவிடும்.

இந்தக் கணக்கு பிசகும் இடம் ஒகவாங்கோ. அங்கே வெள்ளம் வருவது வறண்ட காலத்தில். அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பெய்த மழை மாதக் கணக்கில் மெல்ல நகர்ந்து, ஏறத்தாழ ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் டெல்டாவை நிரப்புகிறது. மொகோரோ என்னும் ஒடுங்கிய படகில் போக ஆசைப்பட்டால் இந்த மாதங்களே சரி. அக்டோபர் போனால் விலங்குகள் நெருக்கமாகக் கிடைக்கும், ஆனால் வெயில் மண்டையைப் பிளக்கும்; பல இடங்களில் படகு விடத் தண்ணீரும் இருக்காது.

பெரிய இடப்பெயர்ச்சியைப் பற்றித்தான் அதிகத் தவறான எதிர்பார்ப்புகள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்களும் (மாட்டைப் போலிருக்கும் பெரிய மான்கள்) லட்சக்கணக்கான வரிக்குதிரைகளும் மழையைத் துரத்திக்கொண்டு ஆண்டு முழுக்கச் சுற்றுகின்றன. அதற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை செரெங்கெட்டியின் தெற்கே ண்டூட்டு சமவெளியில். ஜனவரிக் கடைசியிலிருந்து பிப்ரவரிக்குள் கன்றுகள் கிட்டத்தட்ட ஒரே மூச்சில் பிறக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் நடுப்பகுதி வழியாக நகரும். ஜூன் வாக்கில் மேற்கே க்ருமெட்டி ஆறு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கு செரெங்கெட்டியும் மசாய் மாராவும். நவம்பரில் திரும்பத் தெற்கு நோக்கி.

மாரா ஆற்றில் முதலைகளுக்கு நடுவே மந்தை பாயும் அந்தக் காட்சி நாள்தோறும் மணி அடித்தாற்போல் நடப்பதல்ல. ஆயிரக்கணக்கில் கரையில் வந்து நிற்கும், நான்கு மணி நேரம் தயங்கும், ஒரு வரிக்குதிரை மிரண்டால் மொத்தமும் திரும்பிப் போய்விடும். ஒரே ஓர் இரவு தங்கி அதைப் பார்த்துவிடலாம் என்பது சூதாட்டம். ஆற்றுக்கு அருகில் குறைந்தது மூன்று இரவு, முடிந்தால் நான்கு. ‘மாரா’ என்று பெயர் வைத்த விடுதிகளில் பல ஆற்றிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும். பணம் கட்டுமுன் தூரத்தை அல்ல, மந்தை ஆற்றைக் கடக்கும் துறைகளுக்குப் போக ஆகும் வண்டி நேரத்தைக் கேளுங்கள். சொல்லப்போனால் பிப்ரவரியில் ண்டூட்டு இதைவிட உறுதியான காட்சி. கன்று பிறந்த சில நிமிடங்களில் எழுந்து ஓடும். சிங்கம், சிவிங்கிப்புலி, கழுதைப்புலி எல்லாம் பக்கத்திலேயே இருக்கும்.

மழைக்காலத்தை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். கட்டணம் குறைவு, வண்டிக் கூட்டம் குறைவு, பறவைகள் அதிகம், தூசி இல்லாத வெளிச்சம். ஆனால் கரிசல் மண்ணில் நான்கு சக்கர இழுவை உள்ள வண்டியும் புதையும். தெற்கு லுவாங்வா போன்ற இடங்களில் பல முகாம்கள் மூடியே இருக்கும்.

எத்தனை இரவு, எந்த வழி

முதல்முறை போகிறவர்களின் திட்டத்தில் எப்போதும் இருக்கும் குறை ஒன்றுதான்: இடங்கள் அதிகம், இரவுகள் குறைவு. ஏழு நாளில் ஐந்து பூங்கா என்றால், விலங்கு நடமாடும் காலை ஆறு முதல் பத்து வரையான நேரத்தை நெடுஞ்சாலையில் லாரிகளுக்குப் பின்னால் கழிக்கிறீர்கள் என்று பொருள். பெரிய பூங்காவுக்கு மூன்று இரவு, சிறியதற்கு இரண்டு. ங்கொரொங்கொரோ பள்ளத்துக்கு மட்டும் ஓர் இரவு போதும். ஏறத்தாழ 260 சதுர கி.மீ. அளவுள்ள தரையை அரை நாளில் சுற்றிவிடலாம். வாயில் திறக்கும் நேரத்திலேயே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் மலைச்சரிவிலேயே வரிசை.

வரைபடம் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டிக் கிடக்கின்றன. விலங்குகள் கடவுச்சீட்டு இல்லாமல் போய் வருகின்றன. ஆனால் நடுவே இருந்த சாண்ட் ரிவர் எல்லை வழி சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக மேற்கே இசெபானியா எல்லை வரை போய்ச் சுற்ற வேண்டும், அல்லது சிறு விமானங்கள் மாற வேண்டும். இரண்டுமே ஒரு நாளைத் தின்றுவிடும். நாள் குறைவாக இருந்தால் ஒரு நாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தான்சானியாவில் எட்டு இரவு என்றால் இப்படிப் பிரிக்கலாம்: அருஷாவில் ஒன்று, தரங்கிரேயில் இரண்டு, செரெங்கெட்டியில் நான்கு, திரும்பும் வழியில் ங்கொரொங்கொரோ விளிம்பில் ஒன்று. செரெங்கெட்டியின் நான்கில் இரண்டை நடுவே செரோனெராவிலும் இரண்டை மந்தை இருக்கும் திசையிலும் வையுங்கள். அருஷாவிலிருந்து செரோனெராவுக்கு நேராகப் போனால் ஏழெட்டு மணி நேரம், அதிலும் பாதிக்கு மேல் குலுக்கல் சாலை. முதுகு வலி உள்ளவர்கள் ஒரு வழியை விமானத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

கென்யாவில் ஏழு இரவுக்கு: நைரோபியில் ஒன்று, அம்போசெலியில் இரண்டு, நைவாஷா அல்லது நகுருவில் ஒன்று, மாராவில் மூன்று. நடுவில் உள்ள அந்த ஓர் இரவு வீணல்ல; அம்போசெலியிலிருந்து மாராவுக்கு ஒரே நாளில் சாலையில் போவது உடம்பை முறித்துவிடும். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலையில் ஐந்தாறு மணி நேரம். வில்சன் விமான நிலையத்திலிருந்து பறந்தால் முக்கால் மணி நேரம்தான், ஆனால் வில்சன் வேறு, சர்வதேச விமானங்கள் இறங்கும் ஜோமோ கென்யாட்டா வேறு. இரண்டுக்கும் நடுவே நைரோபியின் நெரிசல் இருக்கிறது. ஒரே நாளில் மாறுவதென்றால் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கொரில்லாவைச் சேர்க்க நினைப்பவர்கள் அதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் அனுமதிச் சீட்டுத் தேதிதான் மொத்தப் பயணத்தையும் கட்டிப்போடும். ருவாண்டாவில் சீட்டு 1,500 டாலர், உகாண்டாவில் 800 டாலர். ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பார்வையாளர்கள், ஒரு மணி நேரம். 15 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதி இல்லை. சளி, காய்ச்சல் இருப்பவர்களைத் திருப்பி அனுப்புவார்கள், மனிதச் சளி கொரில்லாவைக் கொல்லக்கூடியது. உகாண்டாவின் ப்விண்டியில் சீட்டு குறிப்பிட்ட ஒரு பகுதிக்குத்தான்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ. சீட்டு ருஷாகாவுக்கு, விடுதி புஹோமாவில் என்று வாங்கிவிட்டு, நள்ளிரவில் எழுந்து மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் உண்டு. சீட்டு கையில் வந்த பிறகே விடுதி.

பணம் எங்கே போகிறது

பூங்காக் கட்டணம் மொத்தச் செலவில் பெரிய பங்கு, அதில் பேரம் இல்லை. மசாய் மாராவில் வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மட்டுமே. செரெங்கெட்டியில் பெரும்பாலான மாதங்களில் 70 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. இது 24 மணி நேரத்துக்கு. மாலை நான்கு மணிக்கு நுழைந்தால் மறுநாள் மாலை நான்கு வரை. நல்ல வழிகாட்டி இந்தக் கணக்கை வைத்தே நுழைவு நேரத்தை அமைப்பார்.

அருஷாவிலிருந்து வழக்கமான சாலை வழியாக செரெங்கெட்டி போகும்போது ங்கொரொங்கொரோ காப்பகத்தைக் கடந்தே ஆக வேண்டும், கடப்பதற்கும் கட்டணம் உண்டு. பள்ளத்துக்குள் இறங்கினால் ஒரு வண்டிக்கு 250 டாலர், அதற்கும் வரி தனி. இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் வண்டிக்கு அதே தொகைதான். தனி வண்டியில் இருவர் போகும் பயணம் ஏன் விலை அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ண்டூட்டு முகாம்கள் பலவும் ங்கொரொங்கொரோ எல்லைக்குள் இருக்கின்றன. அங்கே தங்கிக்கொண்டு காலையில் செரெங்கெட்டிப் பக்கம் தாண்டினால் ஒரே நாளில் இரண்டு கட்டணம்.

இந்தத் தொகைகளை அரசுகள் அவ்வப்போது உயர்த்துகின்றன. முன்பதிவு செய்யும் வாரத்தில் பூங்கா நிர்வாகத்தின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பயண நிறுவனம் விலை அனுப்பும்போது மொத்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். இவை எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்: பூங்காக் கட்டணமும் வரியும் சேர்ந்ததா, பள்ளத்துக் கட்டணம் உள்ளதா, வண்டி தனியா, பிறரோடு பகிர்வா, எந்த வகை வண்டி, ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் பெயர், ஒரு நாளைக்கு இத்தனை கி.மீ. என்று ஓட்டத்துக்கு வரம்பு உண்டா. ‘இதுவோ, இதற்கு இணையானதோ’ என்று முகாம் பெயருக்குப் பக்கத்தில் எழுதியிருந்தால் உஷார். இணையானது என்பது பூங்கா வாயிலுக்கு வெளியே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கக்கூடும். வெளியே தங்கினால் விலை குறையும், ஆனால் விடியலின் முதல் ஒரு மணி நேரம் கைநழுவும். சிங்கம் சோம்பல் முறிப்பதற்கு முன் போய்ச் சேர வேண்டிய நேரம் அது.

வழிகாட்டிக்கு அன்பளிப்பு வழக்கம்: ஒரு பயணிக்கு ஒரு நாளுக்கு 10 டாலரை ஒட்டி, கடைசி நாளில் நேராகக் கையில். முகாம் ஊழியர்களுக்குப் பொதுப் பெட்டி இருக்கும். பழைய டாலர் நோட்டுகளைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். கிழியாத, கிறுக்காத புதிய நோட்டுகளாக எடுத்துப் போங்கள்.

வண்டி, வழிகாட்டி, வேலி இல்லாத எல்லை

கிழக்கு ஆப்பிரிக்காவில் கூரையை மேலே தூக்கும் லேண்ட் க்ரூசர்தான் தரமான வண்டி. மினிவேன் மலிவு, ஆனால் உயரம் குறைவு, ஈரத்தில் சிக்கும். எதுவானாலும் ‘ஒவ்வொருவருக்கும் சன்னல் இருக்கை’ என்று எழுதி வாங்குங்கள். நடு இருக்கையில் மாட்டிக்கொண்டவர் ஆறு நாளும் பக்கத்தில் இருப்பவரின் தோளைத்தான் பார்ப்பார்.

தேசியப் பூங்காவுக்கும் அதையொட்டிய தனியார் காப்பகத்துக்கும் உள்ள வேறுபாடு விலையை விடப் பெரியது. பூங்காவில் பாதையை விட்டு இறங்கக் கூடாது, இருட்டுமுன் வெளியேற வேண்டும், ஒரு சிறுத்தையைச் சுற்றி இருபது வண்டி நிற்கலாம். மாராவை ஒட்டிய நபோய்ஷோ, ஓலாரே மொடோரோகி, மாரா நார்த் போன்ற காப்பகங்களில் தங்குபவர்களின் வண்டி மட்டுமே உள்ளே வரும். புல்வெளியில் இறங்கிப் போகலாம், இரவுச் சுற்றும் நடைச் சுற்றும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் க்ரூகர் தேசியப் பூங்காவுக்கும் தனியார் காப்பகமான சாபி சாண்ட்ஸுக்கும் இடையே வேலி இல்லை, விலங்கு ஒன்றே. ஆனால் சாபி சாண்ட்ஸில் தடம் பார்ப்பவர் வண்டியின் முன்முனையில் உட்கார்ந்து காலடியைப் படித்துக்கொண்டே போவார். ஆறு இரவுக்குப் பணம் இல்லையென்றால், இரண்டு இரவு காப்பகத்தில், மீதி பூங்காவில் என்று பிரிப்பது நல்ல ஏற்பாடு. காப்பக இரவுகளைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் பிறகு வரும் பூங்கா சப்பென்று இருக்கும்.

நீங்களே ஓட்டிப் போக க்ரூகரும் எட்டோஷாவும் பொருத்தமானவை, செலவும் பல மடங்கு குறைவு. க்ரூகரில் தார்ச்சாலையில் மணிக்கு 50 கி.மீ., மண்சாலையில் 40 தான் வேக வரம்பு. விலங்கு தேட அதுவும் அதிகம், 25 முதல் 30 போதும். வாயில் நேரம் மாதத்துக்கு மாதம் மாறும், தாமதமாக வந்தால் அபராதம். முகாமிலிருந்து முகாமுக்கு ஒரு நாளில் 100 கி.மீ.க்கு மேல் திட்டமிட வேண்டாம். வழியில் யானைக் கூட்டம் ஒன்று சாலையை மறித்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். பூங்காவின் சொந்த முகாம்களுக்கு ஏறத்தாழ 11 மாதம் முன்பே பதிவு தொடங்குகிறது. லோவர் சாபி, சடாரா போன்றவை முதலில் நிரம்பும். எட்டோஷாவில் ஒகாவ்குவெஜோ முகாமின் விளக்கொளி நீர்த்துறையில், இரவு எட்டு மணிக்கு மேல் சத்தம் போடாமல் உட்கார்ந்திருங்கள். கருப்புக் காண்டாமிருகம் பார்க்க இதைவிட எளிய இடம் குறைவு. நமீபியாவின் சரளைச் சாலைகளில் சக்கரம் வெடிப்பது சாதாரணம். இரண்டு மாற்றுச் சக்கரம் உள்ள வண்டியை வாடகைக்கு எடுங்கள், வேகத்தை 80க்குள் வையுங்கள். அங்கே விபத்துகள் பெரும்பாலும் வண்டி வழுக்கிக் கவிழ்வதால்தான், விலங்கு தாக்கி அல்ல.

தாள்களும் மருந்தும்

கடவுச்சீட்டு நுழையும் நாளிலிருந்து ஆறு மாதம் செல்ல வேண்டும், காலிப் பக்கங்கள் வேண்டும். கென்யாவில் 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதிலாக இணையத்தில் பெறும் பயண அனுமதி. சஃபாரி முடிந்து சான்சிபார் போகிறவர்கள் அந்தத் தீவின் கட்டாயக் காப்பீட்டை வாங்க வேண்டும். பெரியவருக்கு 44 டாலர், வேறு காப்பீடு இருந்தாலும் இது தனி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில்தான் பலர் விமான நிலையத்தில் சிக்குகிறார்கள். உகாண்டாவுக்கு எல்லோருக்கும் சான்று வேண்டும். மற்ற நாடுகள் பலவும் ‘நோய் உள்ள நாட்டிலிருந்து வந்தால்’ என்று கேட்கும். கென்யா அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கென்யா பார்த்துவிட்டு தான்சானியா அல்லது தென்னாப்பிரிக்கா போனால் சான்று தேவைப்படும். ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் அது செல்லும். கிளம்பும் வாரத்தில் போட்டுப் பயனில்லை. ஒருமுறை போட்டால் வாழ்நாள் முழுக்கச் செல்லும்.

மலேரியாவுக்கு மருத்துவரிடம் ஆறு வாரம் முன்பே போங்கள். அட்டோவாகுவோன்–ப்ரோகுவானில் மாத்திரையைப் பயணத்துக்கு ஓரிரு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் ஏழு நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளின் மலிவு, ஆனால் திரும்பிய பின் நான்கு வாரம். தோல் வெயிலில் எளிதில் எரியும், கூரை திறந்த வண்டியில் அது சிறு தொல்லை அல்ல. திரும்பிய பின் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு. ஊருக்கு வந்து வாரங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் ஆப்பிரிக்கா போய் வந்ததை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மலேரியா இல்லாத காடுகள் தென்னாப்பிரிக்காவில் உண்டு: மடிக்வே, பிலனெஸ்பெர்க், அட்டோ. ஆனால் ஆறு வயதுக்குக் குறைந்தவர்களைத் திறந்த வண்டியில் ஏற்றாத விடுதிகள் பல, முன்பே கேளுங்கள்.

காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டிலிருந்து மருத்துவமனைக்கு விமானம்தான் வழி, அதன் செலவு பயணச் செலவையே மிஞ்சும்.

பை

சிறு விமானங்களில் 15 கிலோ, சிலவற்றில் 20 கிலோதான், கைப்பை உட்பட. சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் வயிற்றறைக்குள் நுழையாது. துணி டஃபல் பை வேண்டும். மிஞ்சியதை நகர விடுதியில் விட்டுப் போகலாம். பெரும்பாலான முகாம்களில் துணி துவைத்துத் தருவார்கள், மூன்று செட் போதும்.

நிறம் பற்றி: காக்கிதான் போட வேண்டும் என்பதில்லை, ஆனால் கருநீலமும் கறுப்பும் வேண்டாம். ட்செட்சே ஈக்கள் அந்த நிறங்களைத் தேடி வரும், மெல்லிய துணி வழியாகவும் கடிக்கும். கொசு விரட்டி அவற்றிடம் அவ்வளவாகப் பலிக்காது. தரங்கிரேயிலும் மேற்கு செரெங்கெட்டியிலும் இது தெரியும். குளிருக்குத் தயாராகப் போகாமல் ஆச்சரியப்படுகிறவர்கள் அதிகம். ங்கொரொங்கொரோ விளிம்பு ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரம். தெற்கில் ஜூலை விடியலில் திறந்த வண்டியில் காது மரத்துப்போகும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுத் தடுக்கும் மேலாடை. பத்து மணிக்கு அனைத்தையும் கழற்றிவிடுவீர்கள், ஆகவே அடுக்கடுக்காக.

பிளாஸ்டிக் பைகளை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கென்யா, தான்சானியா, ருவாண்டா மூன்றிலும் தடை. ட்ரோனும் வேண்டாம், அனுமதியில்லாமல் கொண்டுவந்தால் பறிமுதல்.

இருநோக்கி ஆளுக்கு ஒன்று, 8×42 அளவு. ஒன்றை இருவர் பகிர்ந்தால், கொடு கொடு என்னும்போதே சிறுத்தை இறங்கிப் போயிருக்கும். கேமராவுக்கு 100–400 மி.மீ. லென்ஸ் பெரும்பாலானவற்றுக்குப் போதும். முக்காலி வண்டிக்குள் விரியாது. காலித் துணிப்பை ஒன்றை எடுத்துப்போய் அங்கே அரிசியோ பயறோ நிரப்பி, சன்னல் விளிம்பில் வைத்து லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். தூசியில் லென்ஸை மாற்ற வேண்டாம்.

காட்டுக்குள்

சிங்கம் வண்டியை ஆட்களாகப் பிரித்துப் பார்ப்பதில்லை, ஒரே பொருளாகத்தான் பார்க்கிறது. எழுந்து நின்று உருவத்தை உடைத்தாலோ, கையை வெளியே நீட்டினாலோ, குரலை உயர்த்தினாலோ அந்தக் கணக்கு மாறும். யானை காதை விரித்துத் தலையை உதறித் தூசி கிளப்பினால் பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டி, காதை ஒட்ட வைத்துக்கொண்டு வந்தால் உண்மை. நீங்களே ஓட்டுகிறீர்கள் என்றால் இந்த வேறுபாட்டைப் படிக்கக் காத்திருக்க வேண்டாம். யானைக்குப் பின்வாங்க வழி விட்டு நிறுத்துங்கள், தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் நுழையாதீர்கள். முகாமில் இருட்டிய பின் காவலர் துணையில்லாமல் கூடாரத்தை விட்டு இறங்கக் கூடாது. நீர்யானை இரவில்தான் கரையேறி மேய வரும், வேலி இல்லாத முகாமில் உங்கள் நடைபாதையும் அதன் மேய்ச்சல் நிலம்தான்.

வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டியது: ‘எண்ணிக்கை வேண்டாம், ஒரே இடத்தில் காத்திருக்கத் தயார்’ என்று. இல்லாவிட்டால் அவர் வானொலியில் வரும் செய்திக்கெல்லாம் வண்டியை விரட்டுவார், அதைத்தான் பயணிகள் விரும்புகிறார்கள் என்று அனுபவம் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. தூங்கும் சிங்கக் கூட்டத்தின் அருகே மாலை ஐந்து மணிக்கு நின்றால், ஐந்தரைக்கு ஒன்று கொட்டாவி விடும், ஆறுக்கு எல்லாம் எழும். இயற்கை உபாதைக்கு ‘டயரைப் பார்க்க வேண்டும்’ என்று சொன்னால் போதும். அவரே பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்தி, வண்டியின் பின்பக்கத்தைக் காட்டுவார்.

கடைசி நாளில் மாராவை விட்டுக் கிளம்புகிறவர்கள் காலை பத்து மணிக்குள் வாயிலைத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் இன்னொரு நாள் கட்டணம். விடியலில் ஒரு சுற்று போகலாம், ஆனால் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, காலை உணவைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, அப்படியே வாயில் நோக்கிப் போகும் வழியில் போக வேண்டும். அன்றிரவு சர்வதேச விமானம் என்றால் நைரோபிக்கு மாலை ஐந்துக்குள் வந்துவிடும்படி கணக்குப் போடுங்கள். காட்டு ஓடுதளத்தில் வரிக்குதிரைகள் நின்றால் விமானம் இறங்காமல் ஒரு வட்டமடிக்கும். அவற்றை விரட்ட வண்டி ஒன்று போய் வர வேண்டும்.